பேங்க் அம்மா பதில்கள்: 24 மாதம் 18 ஆன கதை

தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டன. என் வீட்டுத் தபால்பெட்டியில்தான் இப்போது நெருக்கடி. வழக்கமாக நகைக்கடன் வட்டி, கூட்டுப்பட்டா, இறந்துபோனவரின் சேமிப்புக் கணக்கு என்று கேட்பவர்கள், இந்த மாதம் லண்டன், கனடா, ஆஸ்திரேலியா என்று எழுதியிருக்கிறார்கள். செப்டம்பர் சேர்க்கைக்குப் பணம் கட்டும் பருவம் அல்லவா! நான் விசா அதிகாரி அல்ல. 34 ஆண்டுகள் இந்தக் கடற்கரை ஊர்களின் வங்கிக் கிளைகளில் உட்கார்ந்து கடன் எழுதியவள். விதிகளை அந்தந்த நாட்டு அரசு அறிவிப்பில் படித்துச் சொல்கிறேன். கணக்கு மட்டும் என்னுடையது.

*

விசைப்படகு ஒன்றில் எனக்குப் பாதிப் பங்கு. மகன் பி.இ. முடித்திருக்கிறான். இங்கிலாந்தில் ஓராண்டு எம்.எஸ்சி. படிக்க இடம் கிடைத்து, வரும் செப்டம்பரில் சேர வேண்டும். வீட்டை ஈடு வைத்து 22 லட்சம் வங்கிக் கடன் வாங்கப் போகிறோம். படிப்பு முடிந்ததும் 2 ஆண்டு அங்கேயே வேலை பார்க்கலாம், அதிலேயே கடனை அடைத்துவிடலாம் என்கிறார் ஏஜென்ட். பக்கத்து வீட்டுப் பையனோ ஒன்றரை ஆண்டுதான் என்கிறான். யாரை நம்புவது?
(வாசகர், தங்கச்சிமடம்)

பக்கத்து வீட்டுப் பையனை நம்புங்கள்.

பிரிட்டனில் படித்து முடித்தவர்கள் அங்கேயே தங்கி வேலை பார்ப்பதற்கான இந்த விசா 2021 ஜூலை 1 அன்று தொடங்கியது. இளநிலை, முதுநிலைப் பட்டதாரிகளுக்கு 2 ஆண்டு, முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு 3 ஆண்டு. 2025 மே மாதம் அந்த நாட்டு அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் இதைக் குறைக்கப்போவதாகச் சொன்னது. அக்டோபரில் விதியாகவே மாற்றிவிட்டது. 2026 டிசம்பர் 31 வரை விண்ணப்பிப்பவர்களுக்கு 2 ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம். முனைவர்களுக்கு மட்டும் மாற்றம் இல்லை.

கவனியுங்கள், கல்லூரியில் சேரும் தேதிக்கு இங்கே மதிப்பு இல்லை. படித்து முடித்து இந்த விசாவுக்கு விண்ணப்பிக்கும் தேதியைத்தான் பார்ப்பார்கள். உங்கள் மகன் முடிக்கும்போது 2027 செப்டம்பர் ஆகிவிடும். ஆக, 18 மாதம்தான்.

கடிதத்தோடு ஏஜென்சியின் வழவழப்பான துண்டுப் பிரசுரத்தையும் மடித்து வைத்திருந்தீர்கள். மணிக்கூண்டுப் படம், சிவப்பு பஸ், நடுவில் மஞ்சள் கட்டத்தில் '2 ஆண்டு வேலை உறுதி'. 'உறுதி'யின் அடியில் நீலப் பேனாவால் யாரோ இரண்டு கோடு இழுத்திருக்கிறார்கள். நீங்களாகத்தான் இருக்கும். அதே தாளின் கடைசி வரியை என் படிக்கும் கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்: 'விதிகள் மாறுதலுக்கு உட்பட்டவை'. எறும்பு அளவு எழுத்து. அதன் அடியில் கோடு இல்லை.

ஆறு மாதம்தானே குறைகிறது என்று ஏஜென்ட் சொல்லக்கூடும். கடன்காரரின் கண்ணால் பார்த்தால் அது வேறு கணக்கு. கல்விக் கடனுக்கு வழக்கமாகப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கிடையாது. தவணை இல்லையே தவிர, வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். 22 லட்சத்துக்கு 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கு 2,31,000 ரூபாய். படிப்பு ஓராண்டு, தவணை விலக்கு ஓராண்டு, இரண்டுக்கும் சேர்த்து 4,62,000. பணம் இரண்டு மூன்று தடவையாக வெளியேறும் என்பதால் கொஞ்சம் குறையும், அதை விட்டுவிடுவோம். தவணை தொடங்கும் நாளில் கடன் ஏறக்குறைய 26.6 லட்சம். அதைப் 10 ஆண்டில் கட்டினால் மாதம் சுமார் 36,000 ரூபாய்.

இப்போது மாதங்களை எண்ணுங்கள். பழைய விதியில் படிப்புக்குப் பின் 24 மாதம். தவணை தொடங்குவது 13ஆம் மாதம். பவுண்டில் சம்பாதித்துத் தவணை கட்ட 12 மாதம் கையில் இருந்தது. புதிய விதியில் 18 மாதம். தவணை தொடங்குவது அதே 13ஆம் மாதம். மிச்சம் 6. விசாவில் குறைந்தது கால் பங்கு. தவணை கட்டும் காலத்தில் குறைந்தது பாதி. முதல் ஓராண்டிலேயே சம்பாதித்துச் சேர்த்து முன்கூட்டியே கட்டுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஓராண்டில்தான் வாடகைக்கு முன்பணம் கொடுக்க வேண்டும், வேலை தேட வேண்டும், கிடைக்காத நாட்களில் கடையில் நிற்க வேண்டும்.

18 மாதத்துக்குள் நல்ல வேலை கிடைத்து, நிறுவனமே வேலை விசா எடுத்துக்கொடுத்தால் தொடர்ந்து இருக்கலாம். அந்தக் கதவின் படியும் உயர்ந்துவிட்டது. 2025 ஜூலை 22 முதல் பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. படித்துவிட்டுப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சலுகை வரம்பு 33,400. அந்தத் தொழிலுக்கென்று தனியாக வகுத்திருக்கும் சம்பள அளவையும் தாண்ட வேண்டும். வேலையும் பட்டப்படிப்புக்கு நிகரான வேலையாக இருக்க வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலையை 18 மாதமும் பார்க்கலாம், தடை இல்லை. அதை வைத்து ஒரு நாள் கூடுதலாக இருக்க முடியாது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு இழுத்துச் சொல்கிறேன் என்றால், நான் பட்டவள். சென்ற இதழில் எழுதியதைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் தம்பி மகன் 2011 செப்டம்பரில் இதே போன்ற எம்.எஸ்சி. படிக்க இங்கிலாந்து போனான். 12 லட்சம் கடன். ஜாமீன் கையெழுத்து போட்டவள் நான். அப்போதும் '2 ஆண்டு வேலை விசா' இருந்தது, அப்போதும் ஒரு ஏஜென்ட் இருந்தார். 2012 ஏப்ரலில் அந்த விசாவையே மூடிவிட்டார்கள். அவன் படிப்பை முடித்து நிமிர்ந்தபோது கதவு இல்லை. இதில் எனக்கு இன்றும் தூக்கம் கெடுக்கும் விஷயம் எது தெரியுமா? மூடப்போகிறோம் என்று அந்த அரசு 2011 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. இவன் விமானம் ஏறுவதற்கு ஆறு மாதம் முன்பு. ஊரார் பத்திரத்தில் வில்லங்கம் தேடியவள், சொந்தத் தம்பி மகனின் விசாவில் தேடவில்லை.

ஆகவே அண்ணாச்சி, உங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு கணக்கைப் போடுங்கள். மகன் பட்டத்தோடு மறுநாளே ஊர் திரும்பிவிட்டான், சென்னையில் 30,000 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தான் என்று வைத்துக்கொண்டு, 36,000 ரூபாய்த் தவணையை உங்கள் படகால் இழுக்க முடியுமா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கும். வங்கிக்குத் தடைக்காலம் கிடையாது. அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் ஒரு மாதத் தவணையில் கால்வாசிகூட இல்லை. முடியும் என்றால் போகட்டும். முடியாது என்றால், அவன் இரண்டு ஆண்டு இங்கே வேலை பார்த்துவிட்டுக் கொஞ்சம் கைப்பணத்தோடு போகட்டும். அனுபவம் உள்ளவனுக்கு 18 மாதம் போதும். வெறும் மதிப்பெண் பட்டியலோடு நிற்பவனுக்கு 24 மாதமும் போதாது.

இன்னொன்று. ஜெர்மனியிலும் படித்து முடித்தபின் வேலை தேட 18 மாதம்தான் தருகிறார்கள். ஆனால் அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. செலவுக்காக ஆண்டுக்கு 11,904 யூரோவை, மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். மொழி படிக்க வேண்டும், சான்றிதழ்களைச் சரிபார்க்கும் நடைமுறை தனியாக இருக்கிறது, ஏஜென்ட்டுக்குக் கமிஷனும் பெரிதாகத் தேறாது. அதனால்தான் அந்த நாட்டின் பெயரை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

*

லெஸ்டரில் முதுநிலை படிக்கிறேன். படிப்பு இந்தச் செப்டம்பரில் முடிகிறது, முடிவு நவம்பரில் வரும். டிசம்பர் 20 அன்று ஊரில் தங்கைக்கு நிக்காஹ். போய்விட்டு வந்து ஜனவரியில் விசாவுக்கு விண்ணப்பிக்கலாமா? மாணவர் விசா ஜனவரி கடைசி வரை இருக்கிறது.
(வாசகி, புதுமடம்)

கூடாது மகளே, கூடவே கூடாது. ஜனவரி 1 அன்று விண்ணப்பித்தால் உனக்கு 18 மாதம். டிசம்பர் 31 அன்று விண்ணப்பித்தால் 24 மாதம். ஒரு ராத்திரிக்கு ஆறு மாதம் விலை.

நீ படிப்பை வெற்றிகரமாக முடித்துவிட்டாய் என்று பல்கலைக்கழகம் அந்த நாட்டு உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்துவிட்டோம் என்று உனக்கு மின்னஞ்சல் வரும். அன்றைக்கே விண்ணப்பித்துவிடு. பட்டச் சான்றிதழ் கைக்கு வர வேண்டும், பட்டமளிப்பு விழா முடிய வேண்டும் என்று காத்திருக்காதே. நவம்பரில் முடிவு வந்தும் தகவல் போகவில்லை என்றால், மாணவர் அலுவலகத்தில் போய் நின்று கேள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கேட்கக் கூச்சம். கேட்காமல் இருந்தால் அங்கே யாரும் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள்.

விண்ணப்பிக்கும்போது நீ பிரிட்டனுக்குள் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், முடிவு வரும்வரை வெளியே போகக் கூடாது. போனால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள். முடிவு சொல்ல வழக்கமாக 8 வாரம் வரை ஆகும். நவம்பர் நடுவில் விண்ணப்பித்தால் ஜனவரி நடு. இடையில் உன் மாணவர் விசா காலாவதியானாலும் கவலை இல்லை, விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை நீ சட்டப்படிதான் அங்கே இருக்கிறாய்.

விண்ணப்பக் கட்டணத்தோடு, சுகாதாரக் கட்டணமாக ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் 2 ஆண்டுக்கு 2,070 பவுண்டு முன்பணமாகக் கட்ட வேண்டும். இப்போதே எடுத்து வை. கடைசி வாரத்தில் அம்மாவின் வளையலைத் தேட வேண்டாம்.

நிக்காஹ் விஷயத்துக்கு நான் பதில் சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்கிறேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் நேராகப் பேசி, தேதியைப் பிப்ரவரிக்கு நகர்த்த முடியுமா என்று உன் வாப்பாவைக் கேட்கச் சொல். அவர்கள் வீட்டிலும் யாராவது துபாயிலோ சவூதியிலோ விடுப்புக் கிடைக்காமல் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவர்களாகத்தான் இருப்பார்கள். புரிந்துகொள்வார்கள்.

*

கணவர் கத்தாரில் இருக்கிறார். நான் இங்கிலாந்தில் ஓராண்டு எம்.ஏ. சேர்ந்து, அவரையும் நான்கு வயது மகனையும் உடன் அழைத்துக்கொள்ள நினைக்கிறேன். படிக்கும்போது முடியாது, படித்து முடித்து வேலை விசா வந்ததும் அழைக்கலாம் என்கிறார்கள். உண்மையா?
(வாசகி, கீழக்கரை)

முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி கயிறு திரிப்பது. 2024 ஜனவரி 1 முதல், வகுப்பில் பாடம் கேட்டுப் படிக்கும் முதுநிலைப் படிப்புக்குச் சேர்பவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது. ஆராய்ச்சி அடிப்படையிலான உயர்படிப்புகளுக்குத்தான் அந்த வசதி. படித்தபின் கிடைக்கும் 18 மாத விசாவிலும், ஏற்கெனவே மாணவர் விசாவில் உடன் இருந்த குடும்பத்தினர்தான் தொடரலாம். புதிதாக ஊரிலிருந்து அழைக்க முடியாது. நிறுவனம் எடுத்துக்கொடுக்கும் வேலை விசாவுக்கு நீங்கள் மாறினால்தான் பேச்சே. ஓராண்டும் ஒன்றரை ஆண்டும் இரண்டரை. மகனுக்கு ஆறரை வயது ஆகியிருக்கும். படிப்பு வேண்டும் என்று போவதானால் போங்கள்; குடும்பத்தை ஒன்று சேர்க்கும் வழியாக இதைப் பார்க்காதீர்கள்.

சிறுபான்மையினருக்கு வெளிநாட்டுக் கல்விக் கடன் வட்டி மானியம் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 'படோ பர்தேஷ்' என்ற அந்த மத்திய அரசுத் திட்டம் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதன் பெயரைச் சொல்லி இன்னமும் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

*

கடல் உயிரியலில் முதுநிலை முடித்து, மண்டபத்தில் ஆய்வுத் திட்டம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வயது 34. ஆஸ்திரேலியாவில் இரண்டாண்டு முதுநிலை படித்தால் 3 ஆண்டு வேலை விசா கிடைக்கும் என்று நண்பர் சொல்கிறார்.
(வாசகர், மண்டபம்)

நண்பருக்கு உங்கள் பிறந்த தேதி தெரியாது போலிருக்கிறது. இந்தியர்களுக்கு முதுநிலை முடித்தபின் 3 ஆண்டு வரை என்பது இரு நாட்டு வர்த்தக ஒப்பந்தத்தின்படி சரிதான். ஆனால் 2024 ஜூலை 1 முதல் அந்த விசாவுக்கான வயது வரம்பை 50இலிருந்து 35ஆகக் குறைத்துவிட்டார்கள். நீங்கள் படித்து முடிக்கும்போது 36. ஆராய்ச்சி வழி முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டும் பழைய 50 தொடர்கிறது. உங்களிடம் மன்னார் வளைகுடாவின் கடற்புல்லும் பவளப்பாறையும் பார்த்த கை இருக்கிறது. அதை வைத்து உதவித்தொகையோடு முனைவர் படிப்புக்கு முயலுங்கள். காசு கட்டி இன்னொரு முதுநிலை உங்களுக்கு எதற்கு?

*

மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கனடாவில் ஒரு கல்லூரியில் இரண்டாண்டு டிப்ளமா (விருந்தோம்பல் நிர்வாகம்). முடித்தால் 3 ஆண்டு வேலை அனுமதி என்று ஏஜென்ட் எழுத்துமூலமாகவே கொடுத்திருக்கிறார். நம்பலாமா?
(வாசகர், ராமேஸ்வரம்)

ஏஜென்ட் எழுத்துமூலம் கொடுத்தால் அது ஏஜென்ட்டின் எழுத்து. கனடா அரசின் எழுத்து அல்ல.

கனடாவில் 2024 முதல் ஒன்றன்பின் ஒன்றாக இறுக்கிவிட்டார்கள். அந்த ஆண்டு ஜனவரியில் மாணவர் அனுமதிகளின் எண்ணிக்கைக்கே உச்சவரம்பு வந்தது. நவம்பர் 1 முதல், பட்டப்படிப்பு அல்லாத டிப்ளமா போன்றவற்றுக்கு, அந்தப் படிப்புத் துறை அரசின் பட்டியலில் இருந்தால்தான் படித்தபின் வேலை அனுமதி. நாட்டில் எந்த வேலைக்கு ஆள் தேவையோ அதை ஒட்டிய பட்டியல் அது. மொழித் தேர்விலும் குறிப்பிட்ட நிலை எட்டியிருக்க வேண்டும். அரசுக் கல்லூரியின் பாடத்திட்டத்தை வாடகைக்கு வாங்கி நடத்தும் தனியார் கல்லூரிகளில் 2024 மே 15க்குப் பின் சேர்ந்தவர்களுக்கு அந்த அனுமதியே கிடையாது. பெயர்ப் பலகை அரசுக் கல்லூரி போலவே இருக்கும், ஜாக்கிரதை.

ஏஜென்ட்டிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். இந்தப் படிப்பின் குறியீட்டு எண் என்ன? அது கனடா குடிவரவுத் துறையின் பட்டியலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, என் கண்முன்னே திறந்து காட்டுங்கள். காட்டவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். காபி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள். அதுவும் உங்கள் காசுதான்.

பதினேழு வயதுப் பிள்ளை என்பதால் இன்னொரு வார்த்தை. இங்கே ஒரு பட்டம் முடித்துவிட்டு முதுநிலைக்குப் போனால் இந்தத் துறைப் பட்டியல் தொல்லையே இல்லை. ஓராண்டு முதுநிலைக்குக்கூட இப்போது 3 ஆண்டு வேலை அனுமதி பெற வழி இருக்கிறது. அந்த அனுமதி வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அதை டிப்ளமாவில் செலவழிக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

*

விசாவுக்குக் கணக்கில் 28 நாள் பணம் இருக்க வேண்டுமாம். அந்தப் பணத்தைக் கணக்கில் போட்டுக் காட்டி, நாள் முடிந்ததும் எடுத்துக்கொள்ள ஒருவர் தயாராக இருக்கிறார். லட்சத்துக்கு இவ்வளவு என்று வட்டி. எல்லோரும் செய்வதுதான் என்கிறார். தவறா?
(வாசகர், தேவிபட்டினம்)

நான் வேலை பார்த்த நாட்களில் இப்படிப்பட்ட கணக்குகளைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். ஆண்டு முழுவதும் 1,200 ரூபாய், 800 ரூபாய் என்று கிடக்கும் பாஸ்புக். கருவாடு விற்ற காசு, நூறு நாள் வேலைக் கூலி, கேஸ் மானியம். திடீரென்று ஒரு திங்கட்கிழமை 12 லட்சம் வந்து விழும். அடுத்த 28 நாள் அசைவே இருக்காது, கரையில் ஏற்றிய படகு மாதிரி. 29ஆம் நாள் காலை பத்து மணிக்கு முழுசாக வெளியேறும். அதோடு வங்கிக்கு வருபவர் கணக்குக்காரர் அல்ல. வெள்ளைச் சட்டையும் கைப்பையுமாக இன்னொருவர். கணக்குக்கார அம்மா அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓரமாக நிற்பார். எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியும் என்றால் விசா அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாதா?

பிரிட்டன் லண்டனுக்கு வெளியே படிப்பவர்களிடம் மாதத்துக்கு 1,171 பவுண்டு வீதம் 9 மாதச் செலவுக்கும், பாக்கிக் கல்விக் கட்டணத்துக்கும் பணம் காட்டச் சொல்கிறது. அங்கே நிஜமாகவே சாப்பிட, வாடகை கொடுக்க அந்தப் பணம் வேண்டும் என்பதால்தான் கேட்கிறார்கள். கணக்கில் காட்டிய பணத்தை 29ஆம் நாள் அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டால், உங்கள் பிள்ளை அங்கே எதைச் சாப்பிடுவான்? மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அதில் கட்டணமும் கட்டி, வாடகையும் கொடுத்து, இவருக்கு வட்டியும் அனுப்ப முடியாது. பொய்யென்று தெரிந்தால் விசா மறுப்பதோடு நிற்காது, பத்தாண்டு வரை அந்த நாட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாமல் போகலாம்.

நேரான வழி இருக்கிறது. முறையான வங்கியின் கல்விக் கடன் ஒப்புதல் கடிதத்தையே ஆதாரமாகக் காட்டலாம். அதற்கு 28 நாள் கணக்கும் தேவையில்லை. பொதுவாக 7.5 லட்சத்துக்கு மேல் என்றால் சொத்து ஈடு கேட்பார்கள். நம் கடற்கரையில் இங்கேதான் பாதிப்பேர் தடுக்கி விழுகிறார்கள்: மூன்று தலைமுறையாக இருக்கும் வீடு, மனைக்குப் பட்டா இல்லை. சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு ஓடாதீர்கள். பிள்ளை கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றையும் தயார் செய்யுங்கள். வங்கிக் கல்விக் கடன் வழியாக அனுப்பும் பணத்துக்கு, அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரியும் (டி.சி.எஸ்.) 2025 ஏப்ரல் 1 முதல் இல்லை. வரிப் பிடித்தம் என்று யாராவது பணம் கேட்டால் ரசீது கேளுங்கள்.

*

அமெரிக்காவைப் பற்றி ஒன்றும் எழுதுவதில்லையே?
(வாசகர், திருப்புல்லாணி)

அங்கே படித்தபின் 12 மாதம் பயிற்சி வேலை. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் படிப்பென்றால் இன்னொரு 24 மாதம். அது இன்றுவரை நிற்கிறது. அதன் பிறகு நிறுவனம் எடுத்துக்கொடுக்கும் எச்-1பி வேலை விசாவுக்குத்தான் 2025 செப்டம்பரில் ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று குண்டு விழுந்தது. உள்ளேயே படித்து, உள்ளேயே விசா மாற்றிக்கொள்பவர்களுக்கு அது பொருந்தாது என்று அடுத்த மாதம் விளக்கம் வந்தது. ஒரு மாதத்தில் ஓர் இடி, ஒரு விளக்கம். இந்தப் பத்தி அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் மாறினால் என்னைத் திட்டாதீர்கள்.

*

சென்ற இதழ் படித்தேன். கடன் வாங்காதே, அங்கே போகாதே, இங்கே போகாதே. எங்கள் தலைமுறை உப்புளியைத் தாண்டக் கூடாது என்பதுதான் உங்கள் விருப்பமா?
(வாசகர், உச்சிப்புளி, வயது 22)

தம்பி, முதலில் உன் ஊரின் பெயரையே கோபத்தில் தவறாக எழுதியிருக்கிறாய். 'ச்சி'யை விட்டுவிட்டாய்.

இந்தக் கடற்கரை போகாத ஊர் உண்டா? 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னையில் டிக்கெட் எடுத்துத் தனுஷ்கோடியில் கப்பல் மாறிக் கொழும்பு போனார்கள். என் தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்தவர். தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஆயிரக்கணக்கான கூலிக்காரர்களை மண்டபம் முகாமில் தனிமைப்படுத்தி வைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் அனுப்பினார்கள். அதுவும் ஒரு விசா வரிசைதான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போயிற்று. அதே ஆண்டு இரு நாட்டுப் பிரதமர்கள் போட்ட ஒப்பந்தத்தால், போனவர்களின் பேரப்பிள்ளைகள் அதே மண்டபம் முகாமுக்குத் திரும்பி வந்தார்கள். அந்த ஒப்பந்தத்தில் அவர்களிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

நீ போ. நன்றாகப் போ. எந்த நாடு கொடுத்த மாதமும் அந்த நாட்டின் மாதம் என்பதைத் தெரிந்துகொண்டு போ. உன் அப்பாவின் வீட்டுப் பத்திரத்தை அதன்மேல் வைக்காதே என்றுதான் சொன்னேன்.

*

உங்கள் தம்பி மகன் 2012இல் திரும்பி வந்தார் என்றதோடு சென்ற இதழில் நிறுத்திவிட்டீர்கள். பிறகு என்ன ஆனார்?
(வாசகி, தொண்டி)

வந்து நான்கு மாதம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. கோட்டு போட்டு எடுத்த பட்டமளிப்புப் படத்தை அவன் அம்மா கூடத்தில் மாட்டினாள். அவன் கழற்றி அலமாரிக்குள் வைத்தான். மறுபடி மாட்டினாள். மறுபடி கழற்றினான். பிறகு மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதப் போனான். இப்போது அதன் பொறுப்பே அவனிடம்தான். இரண்டு பெண் குழந்தைகள்.

கடனைத் தவணை தவறாமல் கட்டினான் என்று சொல்ல மாட்டேன். மூன்று முறை நான் கட்டினேன். கடைசித் தவணை 2021 ஜூன் மாதம் முடிந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து படித்தவர்களுக்கு மறுபடியும் 2 ஆண்டு விசா என்ற செய்தியைச் செய்தித்தாளில் பார்த்து, கத்தரித்து எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். வாசலில் ஐஸ் ஏற்ற வண்டி வந்து நின்றது. "இருங்கள் அத்தை, இவனை அனுப்பிவிட்டு வருகிறேன்" என்று போனவன், கட்டிகளை எண்ணி ஏற்றிவிட்டு, ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வந்து அந்தத் துண்டை வாங்கிப் படித்தான். படித்துவிட்டு, "இந்தத் தடவையாவது கீழே இருக்கிற சின்ன எழுத்தைப் படித்தீர்களா?" என்று கேட்டான்.